பேங்க் ஆன்ட்டியின் ‘பார்க்கலாம்’

நம் ஆட்கள் வாயில் ‘பார்க்கலாம்’ என்ற சொல் வந்துவிட்டால் அந்த விஷயம் அதோடு தீர்ந்தது என்று அர்த்தம். சின்ன வயதில் சைக்கிள் கேட்டேன், அப்பா ‘பார்க்கலாம்’ என்றார். நான் காலேஜ் முடித்த பிறகும் அந்தச் சைக்கிள் வரவில்லை. தீபாவளிக்கு முன்னால் லீவு கேட்டால் என் மேனேஜரும் ‘பார்க்கலாம்’ என்பார். நான் பேசாமல் போய் ரயில் டிக்கெட்டை கேன்சல் செய்துவிடுவேன். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லக் கூச்சப்படும் ஜனங்கள் நாம். அதற்காகவே இப்படி ஒரு சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தச் சொல்லுக்கு அதன் அசல் அர்த்தத்தைக் கொடுத்த ஒரே ஒருவரை எனக்குத் தெரியும். மும்பையில், செம்பூரில் எங்கள் பில்டிங்கில் மூன்றாவது மாடியில் இருந்தார். பெயர் என்னவோ நன்றாகத்தான் இருந்தது, ஆனால் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குழந்தைகள் வைத்த ‘பேங்க் ஆன்ட்டி’ என்ற பெயரே பெரியவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. அவரைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். மாட்டுங்காவில் ஒரு பேங்க் கிளையில் ஆபீசர். எங்களைப் போலப் பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்ததெல்லாம் மாட்டுங்கா. கல்யாணம் ஆகவில்லை. பேங்க் ஆன்ட்டி ‘பார்க்கலாம்’ என்றால், அந்த நிமிஷமே செருப்பை மாட்டிக்கொண்டு பார்க்கக் கிளம்பிவிட்டார் என்று அர்த்தம்.

ஆள் ரொம்பக் குள்ளம். லிஃப்டில் நாலு பேருக்குப் பின்னால் நின்றால் இருப்பதே தெரியாது; குரல் மட்டும் வரும். செருப்பைக் குழந்தைகள் பிரிவில்தான் வாங்குவார். “வெலையும் கம்மி, மேலே பூவும் போட்டிருக்கு, வேறே என்ன வேணும்?” என்று காலை நீட்டிக் காட்டுவார். காரில் டிரைவர் சீட்டில் ஒரு கெட்டித் தலையணை வைத்திருந்தார். அதன் மேல் உட்கார்ந்து அவர் ஓட்டிக்கொண்டு போவதை எதிரிலிருந்து பார்த்தால், ஒரு கொண்டையும் இரண்டு கண்களும் காரை ஓட்டுவதாகத்தான் தெரியும்.

ஒரு நாள் பில்டிங் சொசைட்டி மீட்டிங். மேல் மாடிக்காரர்கள் தண்ணீர் வரவில்லை என்கிறார்கள். செக்ரட்டரி, டாங்க் ததும்பிக்கொண்டிருக்கிறது, பைப்பில்தான் கோளாறு என்கிறார். ஹிந்தியிலும் மராத்தியிலும் தமிழிலும் மாறி மாறிச் சண்டை, சமோசா ஆறிப்போய்க் கிடக்கிறது. மூலை நாற்காலியிலிருந்து, “பார்க்கலாமே” என்று ஒரு குரல். அடுத்த ஏஜெண்டாவுக்குப் போகலாம் என்கிறார் போலிருக்கிறது என்று செக்ரட்டரி நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டினார். நிமிர்ந்து பார்த்தால் ஆன்ட்டி மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கிறார். என்ன செய்வது? எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் ஏறினோம்.

மொட்டை மாடியில் டாங்க் மூடி ஒரு பக்கம் உடைந்திருந்தது. உள்ளே பாதித் தண்ணீர்கூட இல்லை. செக்ரட்டரியின் முகம் போன போக்கை நாங்களெல்லாம் ரசித்துக்கொண்டிருந்தோம். ஆன்ட்டி அவர் பக்கம் திரும்பவே இல்லை. டாங்குக்குள் தலையை விட்டு “ஹோ” என்று ஒரு குரல் கொடுத்து, அது எப்படித் திரும்பி வருகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் புது மூடி வந்தபோது மறுபடியும் மேலே போனார். மூடியை நாலு பக்கமும் அமுக்கிப் பார்த்துவிட்டு, “உக்காந்துடுத்து” என்றார். ஒரு விஷயத்துக்கு அவர் கொடுக்கிற உச்சபட்ச சர்டிபிகேட் அது. மூடியோ, பிளவுசோ, மூக்குக் கண்ணாடியோ, கிளைக்குப் புதிதாக வந்த கேஷியர் பையனோ, எதுவானாலும் அதனதன் இடத்தில் அது ஒழுங்காக உட்கார வேண்டும். உட்கார்ந்ததா இல்லையா என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவருடைய வேதாந்தம்.

ஒருநாள் என் மனைவி கேட்டேவிட்டாள். “ஏன் ஆன்ட்டி, எதுக்கெடுத்தாலும் பார்க்கலாம், பார்க்கலாம்னு உடனே எழுந்து ஓடறேள்?”

“என்னைப் பொண் பாக்க வந்தவாளை நெனச்சா நீயும் ஓடுவேடீ” என்றார் ஆன்ட்டி, காபியை ஆற்றிக்கொண்டே. “உள்ளே நொழையறப்பவே ‘உயரம் கொஞ்சம்...’னு இழுப்பா. சொஜ்ஜி பஜ்ஜி எல்லாம் ஆனப்பறம் வாசல்ல நின்னுண்டு ‘பார்க்கலாம்’னு சொல்லிட்டுப் போவா. ஒருத்தராவது பார்த்தாளோ? நான் பாடுவேனா, படிச்சிருக்கேனா, எனக்குச் சிரிக்கத் தெரியுமான்னு ஒண்ணும் பாக்கலை. அப்போ தோணித்து, இந்த வார்த்தையை இவா சும்மா வீணாக்கறா, நாமளாவது உருப்படியா உபயோகிப்போம்னு.” சொல்லிவிட்டுச் சிரித்தார். எங்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இனி ஒரு மணையின் கதைக்கு வருகிறேன்.

என் பெண் வைஷு படித்த ஸ்கூல் மாட்டுங்காவில் இருந்தது. நானும் மனைவியும் ஆளுக்கொரு திசையில் லோக்கல் ரயில் பிடிக்கிறவர்கள். ஸ்கூல் பஸ் எங்கள் பக்கம் வருவதை நிறுத்தியபோது ஆன்ட்டி தானாக வந்தார். “என் காரோட பின் சீட்டு காலியாத்தானே போறது? சயன்ல டிராஃபிக்ல நிக்கறப்போ எனக்கும் பேச ஆளாச்சு.” இரண்டாவது மாடி ஸ்ருதியும் சேர்ந்துகொண்டாள். அவள் வைஷுவைவிட இரண்டு கிளாஸ் மேலே, நெடுநெடுவென்று கால் நீண்ட பெண்.

ஆன்ட்டி ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். பெல்ட் வைஷுவுக்குச் சரியாக உட்காருகிற வரைக்கும் அவளைத் தூக்கி வைக்க பூஸ்டர் சீட் வேண்டும். ஆன்லைனில் வாங்கினோம். என் மனைவி அட்டைப் பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “இது என்ன, கல்யாணத்துக்குப் போடற மணை மாதிரின்னா இருக்கு?” என்றாள். முதுகுச் சாய்மானம் கிடையாது. வெறும் தட்டையான பீடம், இரண்டு பக்கமும் கைப்பிடி. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது மணைதான்.

மணை என்ற பெயர் ஸ்ருதி காதில் விழுந்தது தப்பாகப் போயிற்று. தினமும் காலையில் கார்க் கதவைத் திறக்கும்போதே ஆரம்பித்துவிடுவாள். “அரே, துல்ஹன் வந்தாச்சு, கல்யாணப் பொண்ணு! மணையில உக்காத்தி வையுங்கோ, தாலி கட்டணும்!” எட்டாவது பிறந்தநாள் முடிந்த மறுநாள் வைஷு அழுதுகொண்டு வந்தாள். “அப்பா, எட்டு ஆயிடுத்து. இனிமே மணை வேண்டாம்னு ஆன்ட்டிகிட்டே சொல்லு. கிளாஸ்ல எல்லாருக்கும் தெரிஞ்சுடுத்து. என்னை துல்ஹன்னுதான் கூப்பிடறா.”

எனக்கு ரத்தம் கொதித்தது. எட்டு வயதானால் போதும் என்று எங்கேயோ படித்த ஞாபகம் வேறு. நேரே மூன்றாவது மாடிக்குப் போனேன். “ஆன்ட்டி, வைஷுக்கு எட்டு வயசாயிடுத்து. இனிமே அந்த சீட்டு வேண்டாமே? கொழந்தை அழறா.”

“எட்டு வயசு ஆனது அவளுக்கா, பெல்ட்டுக்கா?” என்று கேட்டார் ஆன்ட்டி. பிறகு எனக்குப் பயமான அந்தச் சொல்லைச் சொன்னார். “பார்க்கலாமே.”

கீழே பார்க்கிங்கில் முதலில் என் காரில் உட்கார வைத்தார். சின்ன கார், பழசு, பின் சீட்டில் ஆழமே கிடையாது. வைஷு முதுகை ஒட்டி உட்கார்ந்தாள். முழங்கால் சீட்டு விளிம்பில் அழகாக மடங்கியது. கீழ்ப் பெல்ட் தொடை மேல் படிந்தது. மேல் பெல்ட் கழுத்தைத் தொடாமல் தோள் எலும்பின் நடுவில் போயிற்று. எல்லாமே பேஷ். “பாத்தேளா?” என்றேன். வைஷு எழுந்து குதிக்கப் போனாள்.

“இந்தக் கார்ல சரி. ஸ்கூலுக்கு எந்தக் கார்ல போறாள்?” என்றார் ஆன்ட்டி.

அவருடைய காரில் சீட்டு ஆழம். வைஷு முதுகை ஒட்டி உட்கார்ந்தால் கால் மடங்காமல் குச்சியாக நீட்டிக்கொண்டு நின்றது. காலை மடக்க முன்னால் நகர்ந்தால் இடுப்பிலிருந்த பெல்ட் வயிற்றுக்கு ஏறியது. மேல் பெல்ட் கழுத்தில். ஆன்ட்டி குனிந்து அங்கே இங்கே விரலை விட்டுப் பார்த்தார். “பிரேக் போட்டா இது எலும்பைப் பிடிக்கணும். இப்போ வயத்தைத்தான் பிடிக்கும். கண்ணா, உனக்கு வயசாயிடுத்து. இந்த சீட்டுக்கு நீ இன்னும் உக்காரலை.”

“அப்பா கார்ல பெரியவ, ஆன்ட்டி கார்ல சின்னவளா?” வைஷு காலை உதைத்தாள். “அன்னிக்கு ரயில்ல பாதி டிக்கெட்டுக்கு மட்டும் அம்மா கொழந்தைன்னு சொன்னா! நான் என்ன, பலூனா?”

சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்காக என் பெண் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மனைவியோ ஆன்ட்டி மேல் கோபப்பட்டாள். “ஒரு கொழந்தையோட மானத்தைவிட பெல்ட்டா பெரிசு?” என்றாள். ராத்திரி தூங்கப் போகும் முன், “பெரிசுதான் இல்லையா?” என்று அவளே கேட்டாள். 

அந்த வருஷ மே லீவில் வைஷு கிடுகிடுவென்று வளர்ந்தாள். ஸ்கூல் திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவளே போய் ஆன்ட்டி வீட்டுக் கதவைத் தட்டினாள். “ஆன்ட்டி, பார்க்கலாமா?”

பார்க்கிங்கில் நாங்கள் எல்லோரும் கூடினோம். ஸ்ருதியும் வந்து தூணில் சாய்ந்து நின்றாள். மழை அப்போதுதான் விட்டிருந்தது. வைஷு மடியில் புது ஸ்கூல் பையைக் கட்டிக்கொண்டு ஏறினாள். தினமும் பையோடுதான் போகிறாளாம், அதனால் பையோடுதான் பார்க்க வேண்டுமாம். நியாயம்தானே என்று நினைத்தேன். முதுகு ஒட்டியது. முழங்கால், என்ன ஆச்சரியம், விளிம்பில் மடங்கிவிட்டது. பெல்ட் தொடையில் இருந்தது. கழுத்துப் பக்கம் பெல்ட்டே இல்லை, அத்தனை சுத்தம்.

“பாஸ்!” என்று கத்தினேன். ஸ்ருதிகூடக் கையைத் தட்டிவிட்டாள்.

ஆன்ட்டி மட்டும் அசையவில்லை. தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெதுவாக அந்தப் பையைத் தூக்கினார். மேல் பெல்ட் வைஷுவின் தோளில் இல்லை. கக்கத்துக்கு அடியில் புகுந்து விலாப் பக்கமாகப் போயிருந்தது.

“இதை யாரு உனக்குச் சொல்லிக் கொடுத்தா?” ஆன்ட்டி குரலில் கோபம் வந்து நான் கேட்டது அன்றுதான். “கக்கத்துல விட்டா நெஞ்சைப் பிடிக்காது, தெரியுமோ? விலா எலும்புதான் ஒடியும். யாரு சொன்னா? ஸ்ருதியா?”

“நான் இல்லை ஆன்ட்டி, சத்தியமா!” என்றாள் ஸ்ருதி.

வைஷு குழம்பிப்போய் ஆன்ட்டியைப் பார்த்தாள். பொய் சொல்லி மாட்டிக்கொண்ட முகம் இல்லை அது. “நீங்கதான் ஆன்ட்டி. நீங்க டெய்லி இப்படித்தானே போட்டுக்கறேள்? மணையில உக்காந்தா எனக்கு நன்னாத் தெரியுமே. பெரியவா ஆயிட்டா இப்படிப் போட்டுக்கலாம்னு நெனச்சேன்.”

எங்கேயோ தகரக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. கொஞ்சம் கோபமும் வந்தது, ஏன் மறைக்க வேண்டும்? என் பெண்ணை இத்தனை நாள் அழவிட்டவர், தன் பெல்ட்டைக் கக்கத்தில் விட்டுக்கொண்டா ஓட்டிக்கொண்டிருந்தார்? வேறு யாராவது இருந்தால் ‘பெரியவாளைப் பாத்துப் பேசப்படாது’ என்று குழந்தையை அடக்கியிருப்பார்கள். நானே அடக்க வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அதற்குள் ஆன்ட்டி சொல்லிவிட்டார், “பார்க்கலாம்.”

முன் கதவைத் திறந்து தலையணை மேல் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார். பழக்க தோஷம், கை தானாக அதைக் கக்கத்துக்குத் தள்ளியது. அந்தக் கையையே அவர் ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெல்ட்டை மேலே எடுத்து ஒழுங்காகப் போட்டார். “சார், இப்படி வந்து நின்னு பாருங்கோ. எங்கே இருக்கு? எனக்காகப் பொய் சொல்லப்படாது.”

“கழுத்துல ஆன்ட்டி” என்றேன். தொண்டைக்குழிக்குப் பக்கத்தில் சதையை அழுத்திக்கொண்டிருந்தது.

“அறுக்கும். கார் வாங்கின புதுசுலேர்ந்தே அறுக்கும். கக்கத்துல தள்ளிட்டேன், அப்பறம் மறந்தே போயிட்டேன்.” அவர் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டார். “ஊர்ல இருக்கிறதையெல்லாம் போய்ப் பாத்திருக்கேன். இதை ஒருநாள்கூடக் குனிஞ்சு பாக்கலை பாருங்கோ. என்ன வேடிக்கை!”

‘என்ன வேடிக்கை’ என்றுதான் சொன்னார். வெட்கம் இருந்தது, கண் கலங்கினாற்போலவும் இருந்தது. ஆனால் அதற்கு மேல் ஒரு ஆச்சரியம். டாங்குக்குள் தலையை விட்டபோது இருந்த அதே முகம். விரல்கள் அதற்குள் பெல்ட் வருகிற வழியைப் பிடித்துக்கொண்டு கதவுத் தூணில் ஏறிப் போயின. அங்கே ஒரு பொத்தான் தட்டுப்பட்டது. அமுக்கி இழுத்ததும் பெல்ட்டின் மேல் முனை ‘டக்’ என்று கீழே இறங்கியது. இன்னொரு முறை. பெல்ட் கழுத்தை விட்டு நழுவித் தோள் எலும்பில் படிந்தது.

“அட ராமா! இது இங்கேயேவா இருந்தது?”

வைஷு முன் சீட்டுகளுக்கு நடுவே தலையை நீட்டி உன்னிப்பாகப் பார்த்தாள். “உக்காந்துடுத்து ஆன்ட்டி” என்றாள்.

மணை மறுபடியும் காருக்குள் போயிற்று. ஆச்சரியம், இந்த முறை அழுகை இல்லை. கக்கத்திலிருந்து பெல்ட்டை எடுத்துத் தோளில் போட்டதும் அது தன் கழுத்தில் ஏறுவதை அவளே பார்த்துவிட்டாள்; பின் சீட்டில் இறக்குவதற்கு அந்த மாதிரிப் பொத்தானும் கிடையாது. ஆனால் பதிலுக்கு ஒரு கண்டிஷன் போட்டாள். வண்டி கிளம்பும் முன் ஆன்ட்டியின் பெல்ட்டைத் தான் செக் பண்ணிச் சொல்ல வேண்டும், சொன்ன பிறகுதான் சாவி திரும்ப வேண்டும். மறுநாள் காலை கீழே போய் நின்று பார்த்தேன். வைஷு மணை மேல் நிமிர்ந்து உட்கார்ந்து, ஆன்ட்டி காண்பித்த தோளைப் பார்த்து, “டீக் ஹை, சலோ, கிளம்பலாம்” என்று உத்தரவு போட்டாள். அதற்கப்புறம் துல்ஹன் பேச்சு எடுபடவில்லை. ஒரு வாரம் கழித்து ஸ்ருதி, தானும் ஒருநாள் மணையில் உட்கார்ந்து செக் பண்ணலாமா என்று கேட்டாளாம். உயரம் ஜாஸ்தி என்று வைஷு அவளை ரிஜெக்ட் பண்ணிவிட்டாள்.

அடுத்த வருஷம் ஆன்ட்டிக்கு நாக்பூருக்கு மாற்றல் வந்தது. சாமான்கள் லாரியில் ஏறின. காரைத் தானே ஓட்டிக்கொண்டு போனார். அத்தனை தூரம் தனியாகவா என்று என் மனைவி கேட்டதற்கு என்ன பதில் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வாசலில் நின்று கை காட்டினோம். அந்தக் கொண்டையும் இரண்டு கண்களும் கேட்டைத் தாண்டித் திரும்பின. வைஷு மணையைக் கட்டிக்கொண்டு விம்மினாள். அன்றிலிருந்து அவளை ஸ்கூலில் விடுவது என் வேலை, மணையும் எங்கள் காருக்கு வந்துவிட்டது. பழையதை விற்று, பெரிதாக ஒன்று வாங்கியிருந்தோம்.

போன மாதம் ஒரு காலை, அந்தக் காரில் வைஷு மணை இல்லாமல் உட்கார்ந்தாள். முதுகு, முழங்கால், தொடை, தோள், எல்லாம் நானே பார்த்தேன். பை இல்லை, கக்கத்தில் திருட்டு இல்லை. “அவ்வளவுதான் கண்ணா, பாஸ்” என்றேன். அவள் தலையை ஆட்டினாள். “நீ சொன்னா பத்தாது. ஆன்ட்டி பாக்கணும்.”

வீடியோ காலில் பிடித்தோம். ஆன்ட்டி பேங்குக்குக் கிளம்ப, அங்கே தன் காரில்தான் உட்கார்ந்திருந்தார். கொண்டையில் நரை கூடியிருந்தது. “அடடே, காட்டு காட்டு, பார்க்கலாம்!”

“மொதல்ல நீங்க காட்டுங்கோ” என்றாள் வைஷு.

திரையில் முகம் மேலே போயிற்று. ஒரு சின்னத் தோள் வந்தது. அதன் நடுவில் பெல்ட், கழுத்தை விட்டு விலகி. வைஷு ஓகே சொன்ன பிறகுதான் என்னிடம் போனைக் கொடுத்தாள். நான் அவள் முழங்காலில் ஆரம்பித்துத் தோள் வரை காட்டினேன். ஆன்ட்டி அவசரப்படவே இல்லை. “கொஞ்சம் கீழே சார்... இன்னும்... இடுப்பைக் காட்டுங்கோ. வண்டியில தூங்கி வழிவியோடீ? சாயப்படாது, தெரியுமோன்னோ? கடைசி வரைக்கும் இப்படியே இருக்கணும்.” பிறகு சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைத் திருப்பினேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

“உக்காந்துடுத்து” என்றார்.

மணையை டிக்கியில் வைத்துவிட்டு வந்து வண்டியைக் கிளப்பினேன். சயன் பாலத்தடியில் சிக்னலில் நிற்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. “அப்பா, மணை இல்லேன்னா இங்கேர்ந்து உன் பெல்ட் தெரியலையே.”

“அதனால?”

“இனிமே நீயேதான் பாத்துக்கணும்.”

சிக்னல் விழுவதற்குள் குனிந்து பார்த்துக்கொண்டேன்.